டயர் மாற்றும் நேரம்: இருப்பதா, பழையதா, மலிவா, விலை கூடியதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு டயர் கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கடையை விட்டு வந்து நாளானாலும் கேள்விகள் விடவில்லை. கோயிலில் பார்த்தாலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறார்கள். "அண்ணே, டயர்ல பூ நல்லாத்தான் இருக்கு. ஆறு வருஷம் ஆச்சு மாத்துங்கன்னு கடையில சொல்றாங்க. உண்மையா, வியாபாரமா?" இது ஒரு வகை. (பூ என்றால் ரோட்டைத் தொடும் பக்கத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும் ரப்பர்.) "பழைய டயர் ஒன்னு அறுபது வெள்ளி, புதுசு இருநூறு கிட்ட வருது. எதைப் போடறது?" இது இன்னொரு வகை. (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்.)

இரண்டுக்கும் எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் இல்லை. தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர் கார் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை பசாருக்கும் கிளினிக்குக்கும் மட்டும் எடுக்கிற தாத்தாவின் கார் இருக்கிறது. முதலாமவர் டயர் தேய்ந்து முடிகிறது, தாத்தாவின் டயர் வயதாகி முடிகிறது. உங்கள் டயர் இதில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். எதை வாங்குவது என்பதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

பூ எவ்வளவு மிச்சம். புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். மலேசியச் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால் சின்ன மேடு தட்டுப்படும். அந்த மேடும் பூவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் நான் அதுவரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் சாயங்கால மழை எப்படி ஊற்றும் என்று உங்களுக்கே தெரியும். பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறையக் குறைய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் சொன்ன பேச்சு கேட்காது, பிரேக்கும் கேட்காது. 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றப் பணம் எடுத்து வையுங்கள்.

உங்கள் கார் எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறது என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ஆழம் அளக்கும் சின்னக் குச்சி சில வெள்ளிதான். எட்டு மில்லிமீட்டரில் தொடங்கிய டயர் 30,000 கிலோமீட்டர் ஓடி நான்குக்கு வந்திருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 7,500 கிலோமீட்டர் கிடைக்கிறது. மூன்றுக்கு வர இன்னும் 7,500 இருக்கிறது. அளக்கும்போது உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் அளங்கள். மிகக் குறைந்த அளவுதான் கணக்கு.

வயது. டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரப்பருக்கு ஏன் வயது? ஜன்னலோரம் நாள் கணக்கில் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்துவிடும். வெயிலும் சூடும் காற்றில் இருக்கும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக வைக்கின்றன. இதைத் தடுக்க டயரில் ஒரு வகை மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் அந்த மெழுகு மேலே கசிந்து வந்து காக்கும். அதனால்தான் வெட்டவெளியில் நின்றே கிடக்கிற காரின் டயர், தினமும் ஓடுகிற காரின் டயரைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடுகிறது. தோட்டத்து வீட்டு வாசலில் கொட்டகை இல்லாமல் நிற்கிற கார்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பூ ஆறு மில்லிமீட்டர் இருக்கும், பக்கச் சுவரில் தலைமுடி போல நெடுக வெடிப்பு ஓடும்.

மிஷெலின் கம்பெனி, ஐந்து வருஷம் ஓடிய பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை டயரைக் காட்டிப் பரிசோதிக்கச் சொல்கிறது. செய்து பத்து வருஷம் ஆகிவிட்டால் பூ இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. சில கார் கம்பெனிகள் ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு நான் ஆறைத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதனால் கடைக்காரர் சொன்னது உண்மைதான்.

எங்கே ஓட்டுகிறீர்கள். தோட்டத்துச் செம்மண் பாதையிலேயே ஓடுகிற வண்டிக்கு முதல் எதிரி கூர்க்கல்லும் செம்பனை மட்டை முள்ளும். ஹைவேயில் 110இல் போகிற வண்டிக்குச் சூடும் மழையும்.

மறைந்த செலவு. டயரை மாட்டும் கூலி, சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் பேலன்சிங், சக்கரங்களை நேராக நிறுத்தும் அலைன்மென்ட், வேலை கெட்டுப் போகிற அரை நாள். டயரின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

மைவி கார்களில் பரவலாக இருக்கும் 175/65 ஆர்14 அளவுக்கு நான் அண்மையில் விசாரித்த விலைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. ஓடும் தூரம் என் அனுபவத்தில் வந்த உத்தேசம். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களும் கணக்குப் பாருங்கள்.

| | ஒரு டயர் விலை (வெள்ளி) | எதிர்பார்க்கும் தூரம் (கி.மீ.) | 1,000 கி.மீ.க்குச் செலவு (வெள்ளி) | யாருக்கு |
|---|---|---|---|---|
| இருப்பதையே ஓட்டுவது | 0 | அளந்து பார்த்தால் தெரியும் | 0 | 3 மி.மீ.க்கு மேல், ஆறு வயதுக்குள், தேய்மானம் சமம் |
| பழைய டயர் | 60, மாட்டும் கூலி 10 | 12,000 | 5.80 | தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி |
| மலிவுப் புது டயர் | 125 | 35,000 | 3.60 | குறைவாக, பக்கத்தில் ஓட்டுபவர் |
| பெயர் பெற்ற கம்பெனிப் புது டயர் | 190 | 50,000 | 3.80 | தினமும் தூரம், ஹைவே, குடும்பத்தோடு பயணம் |

## இருப்பதையே இன்னும் ஓட்டுவது

காசு செலவில்லாத வழி. பல பேருக்கு இதுதான் சரியான வழியும்கூட. கடையில் ஒருவர் சொன்னார் என்பதற்காக நான்கு வருஷ டயரை, ஐந்து மில்லிமீட்டர் பூவோடு கழற்றிப் போட வேண்டியதில்லை.

ஆனால் கார் டயரைச் 'சாப்பிடுகிறதா' என்று பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் எந்த டயரை மாட்டினாலும், விலை கூடியது ஆனாலும், அதே மாதிரி தின்றுவிடும்.

காற்று மாதத்துக்கு ஒரு தடவை, கார் ஓடிச் சூடாவதற்கு முன்னால். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். எண்ணெய் நிலையத்து இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டினால் பயப்பட வேண்டாம், 230 என்றால் ஏறக்குறைய 33 பி.எஸ்.ஐ. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னும் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்தாற்போல் தேயும். மைவி, சாகா, அக்சியா எல்லாமே முன் சக்கரம் இழுக்கிற கார்கள். மாற்றிப் போடாவிட்டால் முன் இரண்டும் முதலில் மொட்டையாகும்.

பக்கச் சுவரில் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு தெரிந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மாற்றுங்கள். குழியில் இறங்கியபோது உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கச் சுவரில் குத்திய ஆணிக்கும் முள்ளுக்கும் ஒட்டுப் போடவே கூடாது.

## பழைய டயர்

கையில் பணம் இல்லாத மாதத்தில் அறுபது வெள்ளி என்பது பெரிய ஆறுதல். பழைய டயர் வாங்குபவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணையைப் பாருங்கள், ஓடுகிற தூரத்துக்கு இதுதான் மிக அதிக விலை. நான்கு மில்லிமீட்டரில் வாங்கி இரண்டுக்கு வரும்வரை ஓட்டினால் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டுவது கஷ்டம். தினமும் ஈப்போ போய் வருகிறவருக்கு, போக வர அறுபது கிலோமீட்டர், அது எட்டு மாதம். அப்புறம் மறுபடியும் கடைக்கு வர வேண்டும், மறுபடியும் மாட்டும் கூலி.

அதைவிட எனக்குப் பயம் தருவது டயரின் உள்ளே இருப்பது. என் அக்கா மகன் ஒரு தீபாவளிக்கு முன்னால் நான்கு பழைய டயர் மாட்டினான். என்னிடம் கேட்கவில்லை. வெளியில் துடைத்துப் பளபளவென்று கறுப்புப் பூசியிருந்தார்கள். மூன்றாவது வாரம் கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்கியது. நல்ல வேளை, உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினான். பின் டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்திருந்தது. மறுநாள் அந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவினேன். பக்கச் சுவரின் உட்புறத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு ஒட்டு. அதன் விளிம்பு பசை விட்டு நகம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. பழையதில் அவன் மிச்சம் பிடித்ததெல்லாம் அன்று இழுவை லோரிக்கே போய்விட்டது.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மாட்டுவதற்கு முன்னால் டயரைக் கையில் வாங்குங்கள். தேதி எண் நான்கு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். உட்புறம் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரை இரண்டு கையாலும் விரித்தால் வெடிப்பு தெரியக்கூடாது. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், உங்கள் காரில் இதுவரை இருந்த டயரின் எண்ணைவிடக் குறையக்கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய டயர்களில் பனிக்கால டயர் கலந்திருப்பதுண்டு. பூ முழுக்க மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும், பக்கச் சுவரில் பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்) படமும் இருக்கலாம். குளிருக்காகச் செய்த மெத்தென்ற ரப்பர் அது, நம் சூட்டில் வேகமாகக் கரைந்துபோகும்.

பழைய டயர் எப்போது சரி? தோட்டத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓடுகிற பழைய வேன். இரண்டு மூன்று மாதத்தில் விற்கப் போகிற கார், அதுவும் நல்ல டயரைப் பார்த்து எடுத்தால். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிற காருக்கு வேண்டவே வேண்டாம்.

லோரிகளுக்குப் போடுகிற செலுப் டயரை, அதாவது பூ தேய்ந்தபின் புதுப் பூ ஒட்டிய டயரைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல உடம்பு உள்ள லோரி டயருக்குப் புதுப் பூ ஒட்டுவது முறையான தொழில்தான். ஆனால் சிறிய கார் டயரில் புதியதற்கும் அதற்கும் விலை வித்தியாசம் குறைவு, அலைவதில் லாபமில்லை.

## மலிவுப் புது டயர்

பெயர் கேள்விப்படாத டயர் என்றாலே மட்டம் என்று நினைப்பது தவறு. எம்.எஸ். 149 என்ற மலேசியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்றும் இருக்கலாம், 300, 400, 500 என்று. எண் கூடினால் அதிக நாள் உழைக்கும் என்று கணக்கு. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிற எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவு நம்ப முடியாது.

இதன் குறை பெரும்பாலும் ஈரச் சாலையில்தான் தெரியும். உலர்ந்த ரோட்டில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. மழையில் திடீரென்று பிரேக் பிடித்தால் சில மலிவு டயர்கள் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும். சத்தமும் அதிகம். இன்னொரு விஷயம், மலிவு விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் தேதி எண்ணைப் பாருங்கள். மூன்று வருஷம் கிடங்கில் கிடந்த சரக்காக இருந்தால், உங்கள் ஆறு வருஷத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

இது யாருக்குப் பொருந்தும்? தாத்தாவின் காரை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர். ஆறு வருஷத்தில் 30,000. ஐம்பதாயிரம் ஓடுகிற டயரை வாங்கினாலும் பூ மிச்சமிருக்கும்போதே வயது முடிந்துவிடும், ஓட்டாத தூரத்துக்கும் காசு கொடுத்ததாகிவிடும். நான்கு டயருக்கு 260 வெள்ளி மிச்சம். டவுனுக்குள் மெதுவாக ஓட்டுகிறவருக்கு இதுவே போதும். ஆனால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை குடும்பத்தோடு அந்தக் காரில்தான் போவோம் என்றால், அந்த 260ஐ மிச்சம் பிடிக்காதீர்கள்.

## பெயர் பெற்ற கம்பெனிப் புது டயர்

தினமும் ஈப்போ போகிறவர் வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். பெயர் பெற்ற டயர் நான்குக்கு 760 வெள்ளி, மூன்று வருஷத்துக்குள் தேய்ந்துவிடும். வருஷக் கணக்கில் 273 வெள்ளி. மலிவுப் புது டயர் நான்குக்கு 500, இரண்டு வருஷத்துக்குள் முடியும். வருஷத்துக்கு 257. வித்தியாசம் பதினாறு வெள்ளி. ஒரு வருஷம் முழுக்க மழையில் நன்றாகப் பிடிக்கிற டயருக்குக் கூடுதலாகக் கொடுப்பது இவ்வளவுதான். பழைய டயராகவே மாற்றி மாற்றிப் போட்டால் அதே வருஷத்துக்கு 420 வெள்ளி ஆகிறது. கடையில் இருந்தபோது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால்தான் பலர் நம்பினார்கள்.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மழையில் போனவர்களுக்கு நான் ஏன் ஈரப் பிடிப்பை இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். இறக்கம், வளைவு, பக்கத்தில் லோரி. அங்கே பிரேக் பிடிக்கும்போது உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்.

பெயரை மட்டும் நம்பியும் வாங்கக்கூடாது. குட்இயர் கம்பெனி ஷா ஆலாமில் 1972இலிருந்து நடத்திய தொழிற்சாலையை 2024இல் மூடியது. கம்பெனி பெயர் அதேதான், டயர் வருகிற இடம் மாறிவிடும். எங்கே செய்தது, எப்போது செய்தது என்பதைப் பக்கச் சுவரில் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரே கம்பெனியிலேயே நீண்ட நாள் உழைக்கிற வகையும் உண்டு, வேகத்துக்காகச் செய்த மெத்தென்ற வகையும் உண்டு. பின்னது இருபத்தையாயிரத்திலேயே தேய்ந்துவிடலாம். "இது எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்று நேராகவே கேளுங்கள்.

## இரண்டா, நான்கா?

நான்குக்கும் பணம் இல்லையென்றால் இரண்டு மாற்றலாம், ஒரே அச்சில் ஒரே வகை ஜோடியாக. புது இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். கடையில் பெரும்பாலும் முன்னால்தான் மாட்டுவார்கள், முன் டயர்தானே தேய்ந்தது என்று. நானே அப்படித்தான் பல வருஷம் மாட்டினேன். ஆனால் ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கால் எடுத்ததும் கார் ஓரளவு திரும்பக் கைக்கு வரும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும், சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது. அதனால் நல்ல பூ பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் பழைய இரண்டிலும் மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள்.

## கடையை விட்டுக் கிளம்புமுன்

நான்கு டயரின் தேதி எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் எண்ணையும் சேர்த்து எடுத்தால் அடுத்த தடவை மில்லிமீட்டர் கணக்குப் போட வசதி. புதுசு மாட்டி ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

அப்புறம் ஸ்பேர் டயர். என் அக்கா மகனுக்கு இழுவை லோரி ஏன் தேவைப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? பின்னால் ஸ்பேர் இருந்தது. கார் வாங்கியதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. எடுத்து மாட்டிய உடனே காற்றில்லாமல் ரோட்டில் படுத்துவிட்டது. காற்றுப் பிடிக்கும்போது நான்கோடு ஐந்தாவதாக அதையும் பிடியுங்கள். அதன் தேதி எண்ணையும் ஒரு தடவை துடைத்துப் படியுங்கள்.